சாமிக்குக் கால் காட்டிய நாற்பது நிமிடம்

நான் விழுந்தது ஒன்றும் பெரிய உயரமில்லை என்று எங்கள் கோயில் தலைவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்பதடி, மிஞ்சிப்போனால் பத்தடி என்கிறார். அவர் விழுந்திருந்தால் அது தென்னைமர உயரமாகியிருக்கும். விழுந்தது நான் என்பதால் ஒன்பதடியிலேயே நிற்கிறது.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, நாங்கள் பிறந்த தோட்டம் இருக்கிறது. அன்றைக்கு ரப்பர், இன்றைக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. சனமெல்லாம் ஈப்போ, ஜெலாப்பாங், பாரிட் புந்தார் என்று சம்பளம் கிடைத்த பக்கம் சிதறிவிட்டது. முனியாண்டி கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. இடம் மாற முனியாண்டிக்குச் சம்மதமில்லை என்கிறார் பூசாரி. இடம் மாற்றக் காசு வசூல் ஆகவில்லை என்பது என் கருத்து. எப்படியோ, வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு நாங்கள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

அன்று திருவிழாவுக்கு முந்தைய நாள். சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். கோயில் முன்மண்டபத்துத் தகரக் கூரைமேல் ஸ்பீக்கர் கட்ட வேண்டும். ஏணி இருந்தது, ஏறுவதற்கு முப்பது வயதுக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் நான்தான் ஏறுவேன் என்று நின்றேன். ஐம்பத்து மூன்று வயது, இனிப்பு நீர் வியாதி, முன்னால் தள்ளிய வயிறு, இடுப்பில் வேட்டி. இதே கூரையில் சின்ன வயதில் பந்து எடுக்க ஏறியிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சமையல் கொட்டகையிலிருந்து என் மனைவி, “ஏறாதீங்க, சட்டமெல்லாம் உளுத்துப்போய்க் கெடக்கு” என்று சத்தம் கொடுத்தாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இறங்கியிருப்பேன்.

சட்டம் உளுத்துத்தான் போயிருந்தது. ஸ்பீக்கர் மேலேயே தங்கிவிட்டது, நான் மட்டும் மண்டபத்துக்கு வெளியே சரளைக்கல் தரையில் வந்து சேர்ந்தேன்.

விழுந்ததும் வலி தெரியவில்லை. முதலில் தெரிந்தது வெட்கம். மல்லாந்து கிடக்கிறேன், வேட்டி எங்கேயோ இருக்கிறது, உள்ளே போட்டிருந்தது பழைய காற்சட்டை. அதற்குப் பிறகு முதுகில் கீழ்ப்பக்கம் ஒரு வலி கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு கால்களை மடக்கப் பார்த்தேன். இடது கால் மடங்கியது. வலது கால் என்ற ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

நான் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வேகமெடுக்க எண்ணெய் மிதிப்பதும் பிரேக் பிடிப்பதும் வலது கால்தான். அந்தக் கால் இல்லையென்றால் வேனும் இல்லை, நானும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியவன். தரையில் கிடந்த அந்த முதல் நிமிடத்திலேயே இது எனக்குப் புரிந்துவிட்டது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். அதை யாருக்கும் காட்டக் கூடாது என்ற வீம்பும் கூடவே வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. கீழே விழுந்தவனைக் கீழேயே கிடக்கவிட அவர்களால் ஆகாது. விழுந்த சத்தம் அடங்குவதற்குள் நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார்த்திவிடுவார்கள். ஒருவர் தண்ணீர் ஊற்றுவார், ஒருவர் தைலம் தேய்ப்பார், ஒருவர் காலை நீவி இழுப்பார். தோட்டத்துக் காலத்தில் ரப்பர் பால் ஏற்றும் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ப் பழகிய கைகள். அந்த அன்பில் குறை சொல்ல முடியாது. அந்த அன்பில் இடுப்பு போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆறேழு கைகள் என்மேல் வந்தன. நானும், “தூக்குங்கடா, வேடிக்க பாத்துக்கிட்டு” என்றுதான் சொன்னேன்.

அப்போது என் மனைவி வந்தாள். பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைக்க மறந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். யாரும் தொடக் கூடாது என்றாள். கூட்டம் இரண்டடி பின்னால் போனது. அது அவள் சொன்னதற்காகவா, கத்திக்காகவா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெலாப்பாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறாள். அங்கே முதலுதவிக் குழுவில் அவளும் ஓர் ஆள். வருஷத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் ஒரு பொட்டலம் பிஹூன் சேமியாவும் கொடுத்து அனுப்புவார்கள். பயிற்சி முடிந்து வந்தால் வீட்டு ஹாலில் என்னைப் படுக்கப் போட்டு ஒத்திகை பார்ப்பாள். நான் அடிபட்டவனாக நடிக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு தாங்காது. கையுறை செய்கிறவளுக்கு டாக்டர் வேலை எதற்கு என்று அவள் தங்கைகளின் முன்னாலேயே கேலி செய்திருக்கிறேன். அவளும் சும்மா இருக்க மாட்டாள், பேசுகிற பிணத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்பாள்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கச் சொன்னாள். பிறகு என் கால்மாட்டுக்குப் போய், எந்தக் காலைக் கிள்ளுகிறேன் என்று சொல்லுங்கள் என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “இடது” என்று சொல்லிவைத்தேன். சரி என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என் தலைமாட்டில் சரளைக்கல்லில் முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் என் காதுகளோடு சேர்த்து வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியை வாயருகே பிடிக்கச் சொல்லி, ஆம்புலன்சுக்கு மலாயில் பேசினாள். அங்கிருந்து இடத்துக்கு முகவரி கேட்டிருக்க வேண்டும். முகவரி இல்லை, பழைய தோட்டம், ரோட்டோரம் நீலத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ளே திரும்ப வேண்டும், ஆள் நிறுத்திவைக்கிறேன் என்றாள். மோட்டார் சைக்கிளில் ஓர் ஆளை அங்கேயே அனுப்பியும் வைத்தாள். பத்து வருஷமாக என்னிடம் ஜன்னல் திரை மாற்றச் சொல்லியும் காரியம் நடக்காதவள், இங்கே முப்பது பேரை வேலை வாங்கினாள்.

முதல் தகராறு முதுகைப் பற்றியதல்ல. என் காலைப் பற்றியது.

நான் விழுந்த விதத்தில் என் இரண்டு பாதமும் நேராகக் கருவறையைப் பார்த்திருந்தன. அதைப் பூசாரி கவனித்துவிட்டார். கொடி ஏற்றியாகிவிட்டது, முனியாண்டி கண்ணைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்துக்கு நேரே ஒருவன் காலை நீட்டிக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று அவர் ஆரம்பித்தார். அதுவரை என் முதுகுக்காகக் கவலைப்பட்ட கூட்டம் முழுவதும் இப்போது என் பாதத்துக்காகக் கவலைப்பட்டது. மேலிருந்து விழுந்ததே சாமிக் குற்றம்தான் என்று ஒரு குரல் கேட்டது. தலைவர் முன்னால் வந்தார். அவரும் நானும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் பெயிலானவர்கள். நாலு பேர் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டால் தலை சாமிப் பக்கம் வந்துவிடும், ஒரு நிமிட வேலை என்றார். மேசை நகர்த்துகிற மாதிரி அவர் கையால் காட்டியதை நான் பார்த்தேன்.

என் மனைவி நிமிரவில்லை. “அவரத் திருப்ப முடியாது. சாமிக்குத் திரையப் போடுங்க” என்றாள்.

அலங்காரம் செய்யும்போது சாமிக்குத் திரை போடுவது எல்லாரும் பார்த்ததுதான். ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்பதற்காகப் போட்டதில்லை. பூசாரி தலைவரைப் பார்த்தார், தலைவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் பூசாரி உள்ளே போனார். திரைக் கம்பியில் வளையங்கள் உரசும் சத்தம் கேட்டது. முனியாண்டி மறைந்தார். நான் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். எங்கள் கோயில் வரலாற்றில் சாமியை மனிதனுக்காக நகர்த்திய ஒரே ஆள் என் மனைவிதான்.

அடுத்தது மழை. மேகம் கறுத்து, பெரிய பெரிய துளியாக என் மூக்கில் விழுந்தது. மண்டபத்துக்குள் இழுத்துப் போடலாம் என்றார்கள். இழுக்கக் கூடாது என்றாள். அன்னதானக் கூடாரத்துக்கு வாங்கிய கேன்வாஸ் துணியை எட்டுப் பேர் சுற்றிலும் பிடித்து என்மேல் கூரை கட்டினார்கள். ஒரு சால்வையால் என்னைப் போர்த்தினார்கள். தண்ணீர் கேட்டேன், கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்களோ, வயிறு காலியாக இருக்கட்டும் என்றாள். ஓர் அக்கா திருநீறாவது வாயில் போடுகிறேன் என்று வந்தார். நெற்றியில் போடுங்கள் என்று அனுமதி கிடைத்தது.

இருபது நிமிடம் போனது. ஆம்புலன்ஸ் வரவில்லை. உண்மையான சண்டை அப்போதுதான் வந்தது.

தலைவர் தன் பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து மண்டபத்தருகே நிறுத்தினார். பின்னால் ஒரு மெத்தை விரித்திருந்தது. அவர் மனசும் நல்ல மனசுதான், முகமெல்லாம் வேர்த்திருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் ஒருவனைத் தரையில் போட்டுவைப்பது, இதற்குள் ஈப்போவுக்குப் பாதித் தூரம் போயிருக்கலாம் என்றார். கூட்டம் முழுவதும் அவர் பக்கம். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தரையில் சும்மா கிடப்பதைவிட ஓடும் வண்டியில் கிடந்தால் ஏதோ நடக்கிறது என்றாவது இருக்கும்.

“அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன்னயத்தான் கேப்போம் லா” என்றார் தலைவர்.

“என்னயே கேளுங்கண்ணே” என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் உள்ளங்கைகள் என் காதோடு ஒட்டியிருந்தன. அவை நடுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்த நடுக்கம் தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கே நிச்சயமில்லை, என் உயிரை வைத்துப் பரீட்சை எழுதுகிறாள் என்று தோன்றியது. “ஏத்துங்கடா மச்சான், இவ கெடக்குறா” என்று சொல்லி, எழுந்துகொள்ள முழங்கையை ஊன்றினேன்.

அவள் குனிந்தாள். தலைகீழாகத் தெரிந்தது அவள் முகம். என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, “நான் கிள்ளுனது வலது கால. நகம் பதியக் கிள்ளுனேன். நீங்க இடதுன்னு சொன்னீங்க” என்றாள்.

முழங்கையை எடுத்துவிட்டேன்.

முதல் நிமிடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் சொன்னால் ஒப்பாரி வைத்துவிடுவார்கள், நானும் உடைந்துபோவேன் என்று வாயை மூடிக்கொண்டு, ஊர்ச் சண்டை முழுவதையும் தனியாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும். அங்கே அவள் கைதான் இருந்தது. துடைக்க அவளிடம் வேறு கை இல்லை.

“அசையாம மட்டும் கெடங்க. மத்தத நான் பாத்துக்குறேன்” என்றாள். நான் என் கல்யாண வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னபடி கேட்டேன்.

நாற்பதாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் கோயிலுக்கு வரவில்லை. செம்பனைப் பழம் திருடும் லாரிகள் நுழையாமலிருக்கத் தோட்டத்து வழியில் இரும்பில் தலைக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். கார் போகும், பிக்கப் போகும், உயரமான வண்டி எதுவும் போகாது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஆம்புலன்ஸ் நின்றுவிட, மழையில் அடிபட்டவர்களைக் கிடத்தும் பலகையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் நடுத்தர வயது மலாய்க்கார அம்மா, இன்னொருவர் சீனர். அந்த அம்மா என் மனைவி தலையைப் பிடித்திருந்ததைப் பார்த்தார். விடாதே, அப்படியே பிடித்துக்கொள் என்றார். அதற்குமேல் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கழுத்துக்குப் பட்டை மாட்டினார்கள். ஒன்று இரண்டு மூன்று என்று மலாயில் எண்ணி, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, பலகையைச் செருகி, வார்களால் கட்டினார்கள். தலைக்கும் இரண்டு பக்கம் முட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் என் மனைவி கையை எடுத்தாள்.

அரைக் கிலோமீட்டர் தூக்க ஆள் வேண்டும் என்றதும் ஆறு பேர் வந்து நின்றார்கள். வருஷா வருஷம் முனியாண்டியைத் தூக்கிச் சுற்றி வருகிற அதே ஆறு பேர். தூக்கிய வேகத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. பலகையை நேராகத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். நான் செம்பனை ஓலைக்குப் பக்கத்தில் இருந்தேன். அது போதாதென்று இடமும் வலமும் சாய்ந்து ஆடி நடக்க ஆரம்பித்தார்கள், ஒருவன் “வேல் வேல்” என்றான், மற்றவர்கள் பதில் சொன்னார்கள். மலாய்க்கார அம்மா பயந்துபோய் என்ன இது என்று கேட்டார். என் மனைவி போட்ட சத்தத்தில் பலகை இடுப்பு உயரத்துக்கு இறங்கியது, ஆட்டமும் நின்றது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாமியை வழியில் தரையில் இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கை மாற்றுகிறவன் நடந்தபடியே மாற்ற வேண்டும், பாரம் ஒரு நூல்கூடச் சாயக் கூடாது. அந்தச் சேற்றிலும் பள்ளத்திலும் அவர்கள் அப்படித்தான் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லை. இவர்களை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு எடுக்கலாம் என்று அந்தச் சீனர் சொன்னார். தலைவர் குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நடந்தார். குடை முழுவதும் எனக்கு, மழை முழுவதும் அவருக்கு.

ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்தபோதுதான் என் மனைவியின் முட்டிகளைப் பார்த்தேன். சுடிதார் கிழிந்து, சரளைக்கல் உள்ளே பதிந்து, இரத்தம் கணுக்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். அடிமுதுகு எலும்பில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, வீக்கம் நரம்பை அழுத்துகிறது, வீக்கம் வடிந்தால் காலில் உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், இப்போது சொல்ல முடியாது. யாராவது உட்கார்த்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். உட்கார்த்தியிருந்தால் அந்த எலும்பு நகர்ந்து நரம்பையே வெட்டியிருக்கக்கூடும் என்றார். இதைக் கேட்க என் மனைவி அங்கே இல்லை. முட்டிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. வலது கால் என் உடம்போடு ஒட்டவைத்த யாருடைய காலோ போலக் கிடந்தது. பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் குறைவில்லை. திரை போட்டதால் முனியாண்டி குளிர்ந்துவிட்டார் என்று பூசாரி சொன்னார். திரை யோசனையே தன்னுடையது என்கிற அளவுக்குத் தலைவர் வந்துவிட்டார். என் மனைவி பகலில் என் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பார்ப்பது தெரிந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். நாங்கள் இருவரும் வேனைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

நான்காம் நாள் காலையில் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வழக்கம்போல ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கமில்லாத எரிச்சல். “ஏய், பச்சத் தண்ணியிலயா தொடைக்கிற? சுடுதண்ணி கேட்டு வாங்க வாயில்லயா ஒனக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

துணி நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கட்டிலின் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள். துணி என் வலது பாதத்தின்மேல் இருந்தது.

“எங்க?” என்றாள்.

“அங்கதான். பாதத்துல.”

துணியைத் திரும்பவும் தண்ணீரில் முக்கி, பிழியாமலே எடுத்து, அதே பாதத்தில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் ஓடிப் படுக்கை விரிப்பெல்லாம் நனைந்தது.

“சில்லுன்னு இருக்குடி” என்றேன்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட முட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வார்டே பார்க்க வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டார்.

“இன்னும் திட்டுங்க” என்றாள்.

எனக்குத் திட்ட வரவில்லை.